ஏலமலைக்கு எந்த வில்?

போடிநாயக்கனூரிலிருந்து முந்தல் தாண்டி போடிமெட்டுக்கு ஏறும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரத்தில் வேலமரமும் எருக்கும் கள்ளியும் நிற்கும். மேலே போகப்போகக் காற்று குளிரும், பாறை கசியும், கடைசியில் மரநிழலில் ஏலச்செடி ஆளுயரத்துக்கு மேல் அடர்ந்து நிற்கும். ஒரு மணி நேரப் பயணத்துக்குள் வறண்ட புதர்க்காடு ஈரக்காடாகிவிடுகிறது.

இந்த ஊர்ப்பக்கம் வில் மேல் புது ஆசை கொண்ட இளைஞர்கள் இருக்கிறார்கள். படம் பார்த்து வந்த ஆசை கொஞ்சம், காட்டுப்பன்னி கிளறிப்போட்ட தோட்டத்தைப் பார்த்து வந்த கோபம் கொஞ்சம். அவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: “அண்ணே, வேட்டைக்குத் தோதா கையால செஞ்ச வில்லு எது? எத்தன பவுண்டு இருக்கணும்?”

கேள்வி சின்னதாகத் தெரிந்தாலும் அதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. நல்ல கைவில்லை எப்படித் தெரிந்துகொள்வது? அந்த வில் இந்த மலைக்குப் பொருந்துமா? வேட்டைக்கு என்று அதை எடுக்கலாமா? மூன்றையும் தனித்தனியே பார்த்தால்தான் நேர்மையான பதில் கிடைக்கும்.

ஆளுயர வில்

வில்லில் பல சாதி. கொம்பும் நரம்பும் மரமும் பசையால் ஒட்டிச் செய்த குறுவில் குதிரைவீரனுக்கு உரியது. ஒரே மரத்துண்டிலோ மூங்கில் பிளாச்சிலோ செதுக்கி, ஏறத்தாழ ஆளுயரத்துக்கு நிற்பது நெடுவில். இங்கிலாந்துக்காரன் சொத்து என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஆல்ப்ஸ் மலைப் பனிக்குள் 1991-இல் கிடைத்த, 5,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட மனிதனின் அருகே முடிக்கப்படாத வில் ஒன்று கிடந்தது. அவன் உயரம் சுமார் 160 சென்டிமீட்டர், வில்லின் நீளம் 180-ஐத் தாண்டியது.

நம் நாட்டுச் சான்றும் உண்டு. அலெக்சாந்தரின் படையோடு வந்த நியார்க்கஸ் கண்டதை வைத்து ஆரியன் என்ற கிரேக்க ஆசிரியர் எழுதியிருக்கிறார்: இந்தியக் காலாட்படை வீரனின் வில் அவன் உயரத்துக்கே இருக்கும், அதன் ஒரு முனையைத் தரையில் ஊன்றி இடது காலால் அழுத்தி நாணை இழுப்பான், அம்பு மூன்று முழத்துக்குச் சற்றே குறையும். அக்கினி புராணத்தின் வில்வித்தைப் பகுதியும் நான்கு முழ வில்லை உத்தமம் என்றும், மூன்றரை முழத்தை மத்திமம் என்றும், மூன்று முழத்தைக் கடைசி என்றும் வகுக்கிறது. நான்கு முழம் என்றால் ஆறடி. கிரேக்கன் கண்ணால் கண்டதும் புராணம் வகுத்ததும் ஒரே அளவில் வந்து நிற்கின்றன.

இதே கதையில் நமக்கு வேண்டிய எச்சரிக்கையும் இருக்கிறது. கி.மு. 326-இல் ஜீலம் ஆற்றங்கரையில் போரஸின் படை தோற்றதற்குப் பல காரணங்கள். அவற்றில் ஒன்றாக கர்ட்டியஸ் என்ற ரோம ஆசிரியர் சொல்வது மழை. சேறாகிக் கிடந்த தரையில் அந்தப் பெரிய வில்லை ஊன்ற முடியாமல் வில்லாளிகள் தடுமாறினார்களாம். நீளமான வில்லுக்கு நிற்க இடம் வேண்டும், காய்ந்த தரை வேண்டும். ஏலமலையை நினைத்துக்கொண்டே இதைப் படிக்க வேண்டும்.

இந்த மண்ணின் வில்லும் மற்றதும்

தமிழ் இலக்கியத்தில் வில்லுக்குப் பஞ்சமில்லை. சேரனின் பொறியே வில். கொல்லிமலை ஓரிக்கு ‘வல்வில்’ என்பது பெயரோடு ஒட்டிய அடைமொழி. புறநானூற்றில் வன்பரணர் பாடியபடி, அவன் விட்ட ஒரே அம்பு யானையில் தொடங்கி உடும்பு வரை வரிசையாக ஊடுருவிப் போகிறது. எயினரும் மழவரும் வில்லோடு திரிந்த பாலைநிலம் சங்கப் பாட்டெங்கும் வருகிறது. தேனி மாவட்டத்து ஆண்டிபட்டிப் பக்கம் புலிமான்கோம்பையில் 2006-இல் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டெடுத்த தமிழி எழுத்து நடுகற்களில் ஒன்று, ஆகோளில், அதாவது மாடுபிடிச் சண்டையில், இறந்தவனுக்கு நட்டது. நாட்டின் மிகப் பழைய நடுகல் எழுத்துகளில் ஒன்று நம் வைகைக் கரையில் கிடைத்தது. பிற்காலத்துச் செங்கம் பகுதி நடுகற்களில் வீரன் கையில் வில் தெளிவாகவே செதுக்கப்பட்டிருக்கும்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த வில்லெல்லாம் பெரும்பாலும் பாலைக்கும் புன்செய்க் காட்டுக்கும் உரியவை. கண்ணுக்கெட்டும் தூரம் தெரியும் நிலம் அது. மேகம் படுக்கும் மலை வேறு.

மலைக்காரர்களையே பார்ப்போம். போடி அடிவாரத்திலும் மலைச்சரிவிலும் பளியர் குடியிருப்புகள் இருக்கின்றன. குரங்கணிப் பக்கம் முதுவர்கள். மலையைத் தாண்டி இடுக்கியில் மன்னான்கள். பளியரிடையே 1960-களில் தங்கி ஆய்வு செய்த அமெரிக்க மானுடவியலாளர் பீட்டர் கார்ட்னர், சண்டையை விட்டு ஒதுங்கிப் போகும் அவர்களது பண்பையே முதன்மையாக எழுதினார். அவர்கள் வயிற்றை நிரப்பியது காட்டு வள்ளிக்கிழங்கும் தேனும். கிழங்கு தோண்டும் கோலும், தேன் எடுக்கத் தொங்கும் கொடியும்தான் அந்த வாழ்க்கையின் கருவிகள். மலைவாசி என்றாலே கையில் வில் என்று நினைப்பது நம் கற்பனை.

சமவெளியிலும் வில் தனியரசு செலுத்தவில்லை. மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைச் சீமைகளில் பேர்போனது வளரி என்ற எறிகருவி. சின்ன மருதுவிடம் வளரி வீசக் கற்றதாக ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கும்பினிப் படை அதிகாரியே தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். ஜேம்ஸ் ஹார்னெல் 1924-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை ஒன்று தென்னிந்திய ஊதுகுழல், வளரி, குறுக்குவில் மூன்றுக்குமே ஒதுக்கப்பட்டது. புதரும் மரமும் நெருங்கிய நிலத்தில், கிட்டத்தில் நிற்கும் சிறு உயிரை அடிக்க நீளமான வில்லைவிட இப்படிப்பட்ட கருவிகளே கைக்கு அடக்கம்.

மேற்குத்தொடர்ச்சி மலையில் வில்லைத் தங்கள் அடையாளமாகவே வைத்திருந்தவர்களைக் காண வடக்கே வயநாட்டுக்குப் போக வேண்டும். குறிச்சியர் வில்லாளிகள் தலக்கல் சந்துவின் தலைமையில் 1802-இல் பனமரம் கும்பினிக் கோட்டையைத் தாக்கிப் பிடித்தார்கள். கடல் கடந்தால் இலங்கை வேடர்கள். செலிக்மன் தம்பதியர் 1911-இல் வெளியிட்ட நூலில் அவர்களுடைய எளிய மரவில் விரிவாக வருகிறது. வயநாட்டில் மூங்கிற்காடும் வயலும் கலந்த வெளி உண்டு. வேடர் வாழ்ந்தது உலர்ந்த காடு. வில் நிலைத்த இடமெல்லாம் பார்வைக்கு வழிவிட்ட நிலம் என்பது இந்த ஒப்பீட்டில் தெரிகிறது.

எந்த மரம்

இங்கிலாந்து நெடுவில்லுக்கு யூ என்ற மரம். 1545-இல் மூழ்கி 1982-இல் மேலே எடுக்கப்பட்ட ‘மேரி ரோஸ்’ கப்பலில் முழுசாகக் கிடைத்த 137 வில்களும் அந்த மரம்தான். நம் மலைகளில் அது கிடையாது, வருந்தவும் தேவையில்லை. கௌடில்யர் வில்லுக்குச் சொல்லும் பொருள்கள் நான்கு: பனை, மூங்கில், மரம், கொம்பு. முதலிரண்டும் போடிக்காரர்களுக்கு எட்டும் தூரத்தில்.

தொடங்குகிறவர்களுக்கு மூங்கில்தான் முதல் தேர்வு. காரணம் அதன் உடலமைப்பு. மூங்கிலின் வெளித்தோலை ஒட்டி நார் மிக நெருக்கமாக ஓடுகிறது. உள்ளே போகப்போக இளகுகிறது. வில் வளையும்போது குறியை நோக்கிய முதுகு இழுபடும், வில்லாளியை நோக்கிய வயிறு நசுங்கும். இழுவையைத் தாங்கும் பக்கத்தில் இயற்கையே வலுவான நாரை வைத்துவிட்டதால், அந்தத் தோலைக் கெடுக்காமல் உட்புறத்தை மட்டும் செதுக்கினால் போதும். உள்ளே பொந்து குறைந்த கல்மூங்கில் கிடைத்தால் இன்னும் நல்லது.

மரத்தில் செய்ய வேண்டுமென்றால் சடச்சி. வடக்கே தாமன் என்பார்கள். வளைந்து திரும்பும் குணத்துக்காகவே கருவிப் பிடிக்கும் வண்டிக்கும் வில்லுக்கும் பேர்போன மரம். பனையின் கறுத்த வைரம் உறுதியானது. ஆனால் நார் பிளந்துகொண்டு வரும் என்பதால் கைதேர்ந்தவர் செதுக்கினால்தான் நிற்கும்.

எந்த மரம் என்பதைவிட எப்போது வெட்டினார்கள், எப்படி உலர்த்தினார்கள் என்பதே முக்கியம். மூங்கில் மூன்று வயதாவது தாண்டியிருக்க வேண்டும். இளமூங்கில் சீக்கிரம் உளுத்துவிடும். அடுப்புக்கு மேலே பரணில் மாதக்கணக்கில் கிடந்து புகை குடித்த மூங்கிலைப் பூச்சி தொடாது என்பது கிராமத்து அனுபவம். செய்தவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: “வெட்டி எத்தனை மாசம் ஆச்சு? எங்க காயப் போட்டீங்க?” பதில் தடுமாறினால் அந்த வில் வேண்டாம். அதோடு, மூங்கில் பட்டா நிலத்தில் வெட்டியதாக இருக்க வேண்டும். காட்டில் வெட்டியது வில்லோடு வழக்கையும் கொண்டுவரும்.

ஏலமலையின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. மரம் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும், கக்கும். வில்லுக்குத் தோதான ஈரம் மரத்தின் எடையில் 9, 10 விழுக்காடு. காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டில் நாள்கணக்கில் நின்றால் மரத்தின் ஈரம் 20-ஐ நெருங்கும். ஈரமேறிய வில்லை இழுத்தால் உடையாது, கூன் விழும். நாண் அவிழ்த்த பிறகும் வளைந்தே நிற்கும், விசை போய்விடும். ஒட்டுவில்லின் கதி இன்னும் மோசம். விலங்குப் பசை ஈரத்தில் இளகும். இந்தியாவின் ஆயுதக் கொட்டில்களில் இரும்பு வில் இடம்பிடித்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஆக, அடிவாரத்தில் காய்ந்த ஊரில் வாங்கிச் சோதித்த வில், தென்மேற்குப் பருவமழையில் மெட்டுக்கு மேலே வேறு வில்லாகிவிடும். மேலே வைத்திருக்க வேண்டுமென்றால் எண்ணெயோ வார்னிஷோ நன்றாக ஏற்றி, நாணை அவிழ்த்து, அடுப்படிச் சூட்டில் படுக்கவைக்க வேண்டும். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்குள்ளே நேராக வைத்துவிடவும் கூடாது. 50 டிகிரியை ஒட்டிய சூட்டில் ஒரே நாளில் அதிகம் காய்ந்து, அடுத்த இழுப்பில் வெடிக்கும்.

கையில் எடுத்துப் பார்ப்பது

வில் வாங்குகிறவர் பவுண்டைக் கேட்பதற்கு முன் கண்ணையும் கையையும் பயன்படுத்த வேண்டும்.

நாண் ஏற்றிய வில்லை ஒரு முனையிலிருந்து துப்பாக்கி பார்ப்பதுபோல் ஒரு கண்ணால் பாருங்கள். நாண் கைப்பிடியின் நடுவில் ஓட வேண்டும். ஒரு பக்கம் ஒதுங்கினால் கொம்பு (கைப்பிடிக்கு மேலும் கீழும் வளையும் பகுதி) முறுக்கிக்கொண்டிருக்கிறது. பிறகு கைப்பிடியில் முட்டியை வைத்துக் கட்டைவிரலை நாண் பக்கம் நிமிர்த்துங்கள். விரல் நுனி நாணைத் தொட்டால் நாண் உயரம் சரி. அதைவிடத் தாழ்ந்திருந்தால் நாண் முன்கையைச் சுடும். அதிகம் உயர்ந்திருந்தால் வில் வீணாக வருந்துகிறது.

அடுத்து வயிற்றுப் பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க வேண்டும். குறுக்கே மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தால் அந்த இடத்தில் நார் நசுங்கிவிட்டது. முதுகுப் பக்கத்தில் மூங்கில் தோல் முழுசாக இருக்க வேண்டும். கணுவை இழைத்து அழகுபடுத்துகிறேன் என்று தோலை வெட்டியிருந்தால் அந்தக் கணுவில்தான் ஒருநாள் முறியும்.

மூன்றாவது சோதனைக்கு இரண்டு பேர் வேண்டும். செய்தவரை மெதுவாக இழுக்கச் சொல்லி நான்கடி தள்ளி நின்று பாருங்கள். மேற்கொம்பும் கீழ்க்கொம்பும் பிறைபோல ஒரே சீராக வளைய வேண்டும். ஒரே இடத்தில் முழங்கை மடிவதுபோல் மடிந்தால் அங்கே அதிகம் செதுக்கிவிட்டார்கள். செதுக்குதலில் ஒரு கணக்கு உண்டு. கொம்பின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடியைப் பொறுத்தது. தடிமன் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் விறைப்பு நான்கில் ஒரு பங்குக்கும் மேல் போய்விடும். அதனால்தான் நல்ல வில் செய்கிறவர் கடைசி நாளில் அரிவாளையும் உளியையும் தூர வைத்துவிட்டுக் கண்ணாடிச் சில்லால் சுரண்டுகிறார். சில்லு ஒருமுறை ஓடும், வில்லை வளைத்துப் பார்ப்பார், மறுபடி ஒருமுறை ஓடும். கைவில்லுக்குக் கொடுக்கும் காசு இந்தப் பொறுமைக்குத்தான்.

கடைசியாக, இருபது அம்பு விட்டபின் நாணை அவிழ்த்து வில்லைச் சுவரில் சாய்த்துப் பாருங்கள். இரண்டு விரல் கூன் இயல்பு. ஒரு சாணுக்கு வளைந்தே நின்றால் விட்டுவிடுங்கள். சோதிக்கும்போது அம்பில்லாமல் நாணை மட்டும் இழுத்து விடவே கூடாது. அம்புக்குப் போக வேண்டிய விசை முழுவதும் வில்லுக்கே திரும்பி அதை உடைக்கும்.

உயரமும் பவுண்டும்

கையை இருபுறமும் விரித்தால் நுனிவிரலிலிருந்து நுனிவிரல் வரை வரும் நீளம் ஏறத்தாழ நம் உயரம். அதை இரண்டரையால் வகுத்தால் நம் இழுநீளம், அதாவது நாணை முழுசாக இழுக்கும் தூரம், கிடைக்கும். 170 சென்டிமீட்டர் ஆளுக்கு 68 சென்டிமீட்டர், சுமார் 27 அங்குலம். நேர்மரத்தில் செய்த வில், இழுநீளத்தைப்போல் இரண்டரை மடங்கு இருந்தால் தைரியமாக இழுக்கலாம். இரண்டரையால் வகுத்து மீண்டும் இரண்டரையால் பெருக்கினால் வருவது நம் உயரமேதான். ஆரியன் கண்ட ஆளுயர வில்லுக்குப் பின்னால் இருப்பது இந்த உடற்கணக்கு.

குறைந்த நீளம் தவறு என்று பொருளல்ல. கலிபோர்னியப் பழங்குடியினரில் தன் குழுவில் கடைசியாக மிஞ்சி 1911-இல் வெளியே வந்த இஷி என்பவரின் வில் சுமார் 42 அங்குலம், இழுவிசை 45 பவுண்டை ஒட்டியது. அவர் குந்தியபடி அம்பு விட்டார், முழுசாகவும் இழுக்கவில்லை. அவருடைய திறமை விலங்குக்கு அருகே போவதில் இருந்தது. புதர்க்காட்டுக்கு அந்த முறைதான் ஒத்துவரும். ஆறடி வில் ஏலச்செடிக்குள் திரும்பவே இடம் கேட்கும்.

பவுண்டு விஷயத்தில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். மேரி ரோஸ் வில்களின் இழுவிசை 100 பவுண்டைத் தாண்டியதாகக் கணித்திருக்கிறார்கள். அவற்றை இழுத்தவர்கள் சிறுவயதிலிருந்தே பழகியவர்கள். அம்பு வேட்டையை அனுமதிக்கும் அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் மானுக்குக் கேட்கும் குறைந்தபட்ச அளவே 35 முதல் 45 பவுண்டுக்குள். புதிதாகத் தொடங்குகிறவருக்கு 25, கொஞ்சம் பழகியவருக்கு 35. முழுசாக இழுத்து, மெதுவாக ஐந்து எண்ணும்வரை கை நடுங்காமல் நிற்க முடிந்தால் அதுவே உங்கள் வில். நடுங்கினால் அது செய்தவருடைய வில்.

நாணும் அம்பும்

நாணுக்குக் கௌடில்யர் தரும் பட்டியலில் மூர்வை, எருக்கு, சணல், மூங்கில், விலங்கு நரம்பு எல்லாம் வருகின்றன. மூர்வை என்பது நம் மருள் இனத்துச் செடி. பழைய பெயர் மரல். அதன் இலைநாரை முறுக்கிய நரம்புதான் பெரும்பாணாற்றுப்படையில் வரும் இடையனின் வில்யாழிலும் கட்டியிருக்கிறது. வில்லுக்கும் இசைக்கும் ஒரே நார். எருக்கு போடி அடிவாரத்தில் போகிற வழியெல்லாம் நிற்கிறது. ஆசைக்கு ஒரு நாணை எருக்கம்பட்டையில் திரித்துப் பார்க்கலாம். அன்றாடப் பழக்கத்துக்கு ஈரத்தில் நீளாத பாலியெஸ்டர் நூல் நாணே நல்லது. இயற்கை நார் நடுவழியில் அறுந்தால் வில்லும் சேர்ந்து போகும்.

அம்புக்கு நாணல், கொறுக்கை, மலையில் ஈத்தை. இங்கே விறைப்பும் எடையும் ஒத்துப்போக வேண்டும். நாண் விடுபட்டதும் அம்பு வில்லைச் சுற்றி ஒருமுறை வளைந்துதான் வெளியே போகிறது. அதிகம் விறைத்த அம்பு ஒரு பக்கமும் இளகிய அம்பு மறுபக்கமும் விலகும். எடைக்குக் கணக்கு, இழுவிசையின் ஒவ்வொரு பவுண்டுக்கும் அரை கிராமுக்குச் சற்று மேல். 40 பவுண்டு வில்லுக்கு 21 முதல் 26 கிராம். அதைவிட இலேசான அம்பு வேகமாகப் போகும், வில்லை மெல்லக் கொல்லும். நூறு அம்பு வாங்குவதைவிட ஒரே எடையில், ஒரே விறைப்பில் ஆறு அம்பு சேர்ப்பது மேல்.

இருபது மீட்டர்

இப்போது வேட்டைக் கேள்விக்கு வருவோம். 40 பவுண்டு நெடுவில்லிலிருந்து கிளம்பும் அம்பு நொடிக்கு 45 மீட்டர் வேகத்தில் போகும் என்று வைத்துக்கொள்ளலாம். 20 மீட்டரில் நிற்கும் மிளாவை அடைய அதற்கு அரை நொடிகூட ஆகாது, சரியாகச் சொன்னால் 0.44 நொடி. நாணின் ஓசைக்கு 0.06 நொடி போதும். மிச்சமிருக்கும் நேரத்தில் மிளா காது நிமிர்த்தி, முன்னங்கால் மடித்து, பாய்ந்துவிடும். நெஞ்சுக்கு வைத்த குறி வயிற்றில் போய்த் தைக்கும். தேர்ந்த வில்வேட்டைக்காரர்கள் எல்லா நாட்டிலும் தூரத்தைக் குறைத்துக்கொண்டே வருவதற்குக் காரணம் இதுதான்.

அம்பு தோட்டாவைப்போல் அதிர்ச்சியால் வீழ்த்துவதில்லை. இரத்தம் வடிய வைத்துத்தான் கொல்லும். நல்ல இடத்தில் பட்டாலும் விலங்கு ஓடும். தடம் பார்த்துப் பின்தொடர வேண்டும். திறந்த காட்டில் அது முடியலாம். ஏலக்காட்டில் இருபதடிக்கு அப்பால் இலைதான் தெரியும். மழை ஒன்று பெய்தால் இரத்தத் தடம் கழுவிப்போகும். காயம்பட்ட காட்டுப்பன்னி அடுத்த நாள் காலையில் காய் பறிக்க வரும் கூலிப்பெண்ணின் எதிரில் நிற்கும். வேட்டையை ஏற்றுக்கொள்ளும் கண்ணோடு பார்த்தாலும், இந்த மலைக்கு நெடுவில் தகாத கருவி.

சட்டம் சொல்வது

1972-ஆம் ஆண்டு வனவுயிர் (பாதுகாப்பு) சட்டம் வேட்டையைத் தடை செய்கிறது. கொல்வது மட்டுமல்ல, முயற்சி, விரட்டல், கண்ணி வைத்தல் எல்லாம் அதில் ‘வேட்டை’. அதே சட்டம் ‘ஆயுதம்’ என்பதற்குத் தரும் விளக்கத்தில் துப்பாக்கியோடு வில்லையும் அம்பையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. முன்கூட்டி எழுத்துமூல அனுமதி பெறாமல் ஆயுதத்தோடு சரணாலயத்துக்குள் நுழைவதே குற்றம். போடிக்குத் தெற்கே 2021-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம், மேற்கே கேரளத்தில் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா, அதற்கும் தெற்கே பெரியாறு. இந்த மலையில் எங்கே கோடு முடிகிறது என்று தெரியாமல் நடப்பது எளிது. 2022 திருத்தத்துக்குப் பிறகு பொதுவான தண்டனை மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். முதல் அட்டவணை உயிர்களுக்கும் சரணாலயத்துக்குள் நடக்கும் வேட்டைக்கும் குறைந்தது மூன்று ஆண்டு. வரையாடும் காட்டுமாடும் யானையும் அந்த முதல் அட்டவணையில் இருக்கின்றன.

“பழங்குடியினருக்கு உரிமை உண்டே” என்று சிலர் சொல்வார்கள். அந்தச் சட்டம் வேட்டை உரிமையைக் காத்துவைத்திருப்பது நிக்கோபார் தீவுகளின் பட்டியல் பழங்குடியினருக்கு மட்டும். 2006 வன உரிமைச் சட்டம் பளியருக்கும் முதுவருக்கும் தேன், கிழங்கு, மேய்ச்சல், குடியிருப்பு என்று மரபுரிமைகள் பலவற்றை ஏற்கிறது. வேட்டையை மட்டும் வெளிப்படையாகவே விலக்கிவிட்டது. இது நியாயமா என்று விவாதிக்கலாம். ஆனால் சமவெளியிலிருந்து வில் வாங்கிக்கொண்டு வருகிறவர் அந்த விவாதத்துக்குள் ஒளிந்துகொள்ள முடியாது.

காட்டுப்பன்னித் தொல்லை உண்மை. இரவெல்லாம் கிளறிப்போட்ட தோட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அது புரியும். அதற்கு இரு மாநிலங்களும் வழி வகுத்திருக்கின்றன. கேரளத்தில் 2022 முதல் உள்ளாட்சித் தலைவர்களின் உத்தரவோடு உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரர்கள் சுடலாம். தமிழ்நாட்டில் 2025 தொடக்கத்தில் வந்த ஆணைப்படி, காட்டிலிருந்து உள்ள தூரத்தைப் பொறுத்து வனத்துறையே நடவடிக்கை எடுக்கும். இரண்டிலும் தனியாள் வில்லுக்கு இடமில்லை. நெடுவில்லின் தாய்நாடு என்று கொண்டாடப்படும் இங்கிலாந்திலும் வில்லால் வேட்டையாடுவது சட்டவிரோதம்.

அப்படியானால் எதற்கு வில்?

வில்லை விட்டுவிடச் சொல்லவில்லை. தேசிய வில்வித்தைப் போட்டிகளில் ‘இந்தியன் ரவுண்ட்’ என்று ஒரு பிரிவே மூங்கில் வில்லுக்காக இருக்கிறது. தூரம் 50 மீட்டரும் 30 மீட்டரும். சிறுவயதில் மூங்கில் வில்லோடு ராஜஸ்தான் காட்டில் திரிந்த லிம்பா ராம் 1988, 1992, 1996 என மூன்று ஒலிம்பிக் போட்டிகளில் இந்தியாவுக்காக நின்றார். உலக அளவிலான கள வில்வித்தையில் நெடுவில்லுக்குத் தனிப் பிரிவு உண்டு. அங்கே மர அம்பும் இயற்கை இறகும்தான் விதி. கையால் செய்த வில்லுக்குச் சட்டப்படியான, மரியாதையான மைதானம் காத்துக்கிடக்கிறது.

வேட்டைக்காரன் வில்லில் தேடிய குணங்கள் இந்த மைதானத்துக்கும் பொருந்தும்: உடம்புக்கு ஏற்ற நீளம், நடுங்காத இழுவிசை, சத்தமில்லாத நாண், ஒத்த அம்புகள். ஆக, போடிக்காரருக்கு என் பரிந்துரை இது. பட்டா நிலத்து முற்றிய மூங்கிலில், உங்கள் உயரத்துக்கு, 25 முதல் 35 பவுண்டுக்குள் ஒரு வில். பாலியெஸ்டர் நாண் இரண்டு. ஒரே எடையில் அம்பு ஆறு. வைக்கோல் கட்டு ஒன்று, அதன் பின்னால் ஆள் நடமாட்டமில்லாத மண்மேடு. பழக அடிவாரத்தின் காய்ந்த காற்றே போதும்.

மலைக்குப் போகும் நாளில் வில்லை முந்தலுக்குக் கீழே வீட்டிலேயே, நாண் அவிழ்த்து, படுக்கவைத்துவிட்டு ஏறுங்கள்.